சந்திரனில் இறங்கிய நாட்டுக்கு ஜெட் எஞ்சின் ஏன் இன்னும் கைகூடவில்லை?

கேள்வி கேட்டவர் திருச்சியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, இப்போது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் சோதனை வேலை பார்ப்பவர். அவர் கேட்டதன் சுருக்கம் இது: சந்திரனில் கலம் இறக்கிய நம்மால் ஒரு போர் விமான எஞ்சினைச் சொந்தமாகச் செய்ய முடியாதது ஏன்? நமக்குப் படைப்பாற்றல் குறைவா? இத்தனை ஏழைகள் இருக்கிற நாடு இதற்கெல்லாம் செலவு செய்யலாமா? கடைசியாக, நான் இந்தத் துறைக்கு வரலாமா? நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சொந்தத் தொழில்நுட்பம் எந்தச் சூழ்நிலையில் வேர் பிடிக்கிறது, எந்தச் சூழ்நிலையில் பட்டுப்போகிறது என்பதுதான் அது.

நான் பெங்களூருவின் பீன்யா தொழிற்பகுதியில், விண்வெளிக்கும் விமானத்துக்கும் உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைகளில் பல வருடங்கள் தரப் பரிசோதனை வேலை பார்த்தவன். டிராயிங்கைப் படிப்பது, அளவெடுப்பது, ரிஜெக்ட் ஆன பாகம் ஏன் அப்படி ஆனது என்று தோண்டிப் பார்ப்பது, இதுதான் என் தொழில். அரசின் கொள்கையோ பொருளாதாரமோ என் துறை இல்லை. அதனால் பட்டறை பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கொள்கை பற்றிச் சொல்வதை, அந்தக் கொள்கைகளின் விளைவை மேஜைமேல் வைத்து அளந்து பார்த்த ஒருவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படைப்பாற்றல் பற்றிய சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் இந்த ஊரில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. அதற்குப் பிறகு உலகின் பெரிய சிப் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. இன்று அவுட்டர் ரிங் ரோட்டை ஒட்டிய கட்டடங்களில் நம் பிள்ளைகள் வடிவமைக்கும் சிப்புகள் உலகம் முழுக்கப் போகின்றன. திறமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் எந்தச் சிப்பைச் செய்வது என்று முடிவெடுப்பவரும், அதை வாங்குபவரும், அதன் உரிமையை வைத்திருப்பவரும் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஜெட் எஞ்சினுக்கு வருவோம். ராக்கெட் செய்தவனுக்கு ஜெட் எஞ்சின் எளிது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விகாஸ் எஞ்சின் எரிவது இரண்டரை நிமிடத்துக்குள்தான். எல்.வி.எம்-3 ராக்கெட்டின் சி.இ-20 கிரையோஜெனிக் எஞ்சின் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்குவது) பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் எரியும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. போர் விமான எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டும், அதுவும் விமானி நினைத்த நொடியில் முழு வேகத்துக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடுகளின்மேல் மோதும் வாயுவின் வெப்பம் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவை அதற்கும் குறைவான வெப்பத்திலேயே உருகக்கூடியது. உருகாமல் காப்பாற்றுவது, பிளேடுக்குள் இருக்கும் நுண்ணிய வழிகளில் ஓடும் காற்றும் மேலே இருக்கும் செராமிக் பூச்சும்தான். இதற்கு நடுவே சுழற்சியின் வேகம் ஒவ்வொரு பிளேடையும் டன் கணக்கான விசையோடு வெளியே இழுக்கிறது. அந்தச் சூட்டில், அந்த இழுப்பில், உலோகம் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். சாதாரண வார்ப்பில் உலோகம் சின்னச் சின்னப் படிகங்களாக உறையும். அந்தப் படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில்தான் விரிசல் தொடங்கும். எனவே முழு பிளேடையும் ஒரே படிகமாக வளர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வித்தை நமக்குத் தெரியாதது இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப் படிக பிளேடுகளைச் செய்து, ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 பிளேடுகளை 2021-ல் எச்.ஏ.எல். என்ற அரசு விமானத் தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுத்தது. 60 பிளேடு என்பது அறிவு இருப்பதற்கான அத்தாட்சி. வருடா வருடம் ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல் ஒன்றாக, ரிஜெக்ட் குறைவாக வருவதுதான் தொழில்நுட்பம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழியில்தான் நாம் திரும்பத் திரும்ப நின்றுபோகிறோம்.

விண்வெளியில் மட்டும் நாம் ஏன் நின்றுபோகவில்லை? கிரையோஜெனிக் எஞ்சினின் வரலாற்றைப் பாருங்கள். திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்து, அதன் அருகிலேயே ஆயிரக்கணக்கான டிகிரியில் எரிக்கிற வேலை அது. 1991-ல் கிளாவ்காஸ்மாஸ் என்ற சோவியத் நிறுவனத்தோடு எஞ்சினையும் தொழில்நுட்பத்தையும் வாங்க ஒப்பந்தம் போட்டோம். 1992-ல் அமெரிக்கா இரு தரப்பின்மேலும் தடை விதித்தது. அடுத்த வருடம் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர முடியாது, செய்த எஞ்சின்களை மட்டும் தருகிறேன் என்று பின்வாங்கியது. 1994-ல் நாமே செய்யும் திட்டம் தொடங்கியது. 2010 ஏப்ரலில் நம் எஞ்சினோடு முதல் முறை பறந்தபோது எரிபொருள் பம்ப் நின்றுபோய் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ல் வென்றது. ஆக, 20 வருடங்கள்.

அந்த 20 வருடங்களைத் தாங்கியது எது என்பதுதான் என் பதிலின் மையம். சிப்பை வாங்குபவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன் அல்லவா, இங்கே அப்படி இல்லை. இஸ்ரோ அந்த எஞ்சினைச் செய்கிற இடமாக மட்டும் இருக்கவில்லை, அதை வாங்குகிற இடமாகவும் அதுவே இருந்தது. எஞ்சின் தாமதமானாலும் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகவில்லை. நடுவில், ரஷ்யாவிலிருந்து வந்த எஞ்சின்களைப் பொருத்தி 2001 முதல் ஜி.எஸ்.எல்.வி.யைப் பறக்கவிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் ராக்கெட்டின் மற்ற பாகங்கள் தேறின, நம் எஞ்சின் வந்து உட்காரும் இடம் தயாராக இருந்தது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சொந்தச் சோதனை நிலையம் இருந்தது. எஞ்சின் இரவு இரண்டு மணிக்குத் தகராறு செய்தாலும் நம் ஆட்கள் நம் இடத்தில் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. தோற்றபோதும் குழு கலைக்கப்படவில்லை.

சோதிப்பதற்கு இடம் என்பதை இஸ்ரோ எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு நம் ஊர்ப் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சந்திரனில் இறங்கும் கலத்தைச் சோதிக்கச் சந்திர மண் வேண்டும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கும் அனார்த்தசைட் பாறை சந்திரனின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைத் தோண்டி, அரைத்து, பெங்களூருக்குக் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் சக்கரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியலாளர்களும் அதில் கைகொடுத்தார்கள். கலத்தைச் செய்வதற்கு ஈடான உழைப்பு அதை வருத்திப் பார்ப்பதிலும் இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை இதே பெங்களூரில் நடந்தது. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் எச்.ஏ.எல். உருவாக்கிய மாருத் போர் விமானம் 1961 ஜூனில் பறந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டும் எண்ணத்தோடு வடிவமைத்த விமானம். உடல் தயார், எஞ்சின் இல்லை. அதற்காக நினைத்திருந்த எஞ்சினின் மேம்பாடு பிரிட்டனில் பாதியில் நின்றபோது, அதை முடிக்கத் தேவையான பணத்தைப் போட இந்தியா முன்வரவில்லை. எகிப்து உருவாக்கிக்கொண்டிருந்த எஞ்சினைக்கூடப் பொருத்திப் பார்த்தார்கள். கடைசியில் வலு குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டோடுதான் அது படையில் சேர்ந்தது. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் நன்றாகவே பணியாற்றியது. ஆனால் 147 விமானங்களோடு உற்பத்தி முடிந்தது. முழுக்க நாமே வடிவமைத்த அடுத்த போர் விமானமான தேஜஸ் பறந்தது 2001 ஜனவரியில். நடுவில் 40 வருடம். மாருத்தில் கற்றுக்கொண்டவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். எனக்கு இந்த இடைவெளிதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது.

தேஜஸுக்கான காவேரி எஞ்சின் பெங்களூரு சி.வி.ராமன் நகரில் இருக்கும், விமான எஞ்சின் ஆராய்ச்சிக்கான ஜி.டி.ஆர்.இ. அரசு ஆய்வகத்தின் பொறுப்பு. 1989-ல் அனுமதி கிடைத்தது. மெலிந்த காற்றுள்ள உயரத்தைத் தரையிலேயே உருவாக்கி இந்த அளவு எஞ்சினைச் சோதிக்கும் கூடம் நம்மிடம் இல்லை. எஞ்சினை மாட்டிப் பறந்து பார்க்க ஒரு சோதனை விமானமும் இல்லை. எஞ்சினைப் பெட்டியில் அடைத்து ரஷ்யாவுக்கு அனுப்பித்தான் சோதித்தார்கள். 2010-ல் அங்கே ஐ.எல்-76 சரக்கு விமானத்தில் பொருத்தியும் பறக்கவிட்டார்கள். அதற்குள், தேவையான உந்துவிசை வரவில்லை என்று 2008-லேயே அதைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். தேஜஸ் இன்றும் அமெரிக்காவின் எஃப்-404 எஞ்சினோடுதான் பறக்கிறது. 2021-ல் ஒப்பந்தமான 99 எஞ்சின்களில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில். அதுவரை புதிய விமானங்கள் எஞ்சினுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காவேரியில் எஞ்சினியர்கள் தோற்றார்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். பயிற்சிக் களமும் இல்லாமல், குறையோடு வாங்கிக்கொள்ளும் முதல் வாடிக்கையாளரும் இல்லாமல், முதல் முயற்சியிலேயே உலகத் தரம் வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அதே எஞ்சினைக் கொஞ்சம் குறைந்த உந்துவிசையில் ஒரு பயிற்சி விமானத்துக்கோ ஆளில்லா விமானத்துக்கோ 1990-களிலேயே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது என் ஊகம்தான், நிரூபிக்க வழியில்லை. ஆனால் பட்டறையில் நான் பார்த்த எல்லா பாகங்களும் அப்படித்தான் தேறின.

டிராயிங் கையில் இருந்தால் பாகம் வந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். டைட்டானியத்தில் மெல்லிய சுவருள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லேத் சக்கில், அதாவது கடைசல் இயந்திரத்தின் பிடியில், பிடித்திருக்கும்வரை அளவெல்லாம் மைக்ரான் சுத்தமாக இருக்கும். தளர்த்தி வெளியே எடுத்ததும் வட்டம் நீள்வட்டமாகிவிடும். உலோகத்துக்குள் தங்கியிருந்த இறுக்கம் வெளியே வருகிறது. அதனால் முதலில் தடிமனாகக் கடைந்து, சூளையில் வைத்து இறுக்கத்தைப் போக்கி, ஆறவிட்டு, மென்மையான தாடைகளில் பிடித்து, கடைசி வெட்டை மிக மெல்லியதாக எடுக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் வைப்பது, என்ன வேகம், எத்தனை பாகத்துக்கு ஒரு முறை டூலை மாற்றுவது என்பதெல்லாம் டிராயிங்கில் இருக்காது. கிருஷ்ணகிரியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ ஐ.டி.ஐ. முடித்து வந்து, பத்து வருடம் மிஷினில் நின்றவர் கையில் இருக்கும். ஆர்டர் வந்துகொண்டிருந்தால் அந்தக் கை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும். ஆர்டர் நின்றால் அவர் கார் பாகம் செய்யும் பட்டறைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்று வருடம் கழித்து அதே பாகத்துக்கு ஆர்டர் வரும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

பெங்களூரு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் செய்த ஊர். 1909-ல் இந்திய அறிவியல் கழகம், 1940-ல் எச்.ஏ.எல்., 1953-ல் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி., 1954-ல் பாதுகாப்பு மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல்., அப்புறம் தும்கூர் ரோட்டில் உற்பத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிலையமான சி.எம்.டி.ஐ., 1972-ல் அரசுப் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி. டூல் ரூம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1975-ல் பறந்த நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா பீன்யா தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில்தான் உருவானது. அந்த ஷெட்டுகளைச் சுற்றி ஏற்கெனவே கடைசல்காரரும் வெல்டரும் டூல் மேக்கரும் இருந்தார்கள் என்பதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

மூலப்பொருளிலும் இதே கதைதான். கேரளத்துச் சவறாவிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் டைட்டானியக் கனிமம் கடற்கரை மணலிலேயே கலந்து கிடக்கிறது. ஆனாலும் அதிலிருந்து டைட்டானியம் ஸ்பாஞ்ச் (பஞ்சு போன்ற ஆரம்பநிலை உலோகம்) எடுக்கும் ஆலை சவறாவில் 2011-ல்தான் வந்தது, அதுவும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் துணை நின்றதால். மறுபடியும் பாருங்கள், வாங்கப்போகிறவர் முன்னால் வந்து நின்றதும் காரியம் நடந்தது.

அதனால் ஒரு வளரும் நாட்டு அரசு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, நம் ஆட்கள் செய்ததை முழுதாகத் தேறுவதற்கு முன்பே வாங்குவதும், உடைத்துப் பார்க்க இடம் கொடுப்பதும்தான் என்று நம்புகிறேன். டெண்டர் முறை இதற்கு இடைஞ்சலாக இருக்கிறது. விலை குறைவாகச் சொன்னவருக்கே ஆர்டர், அதிலும் இதே பொருளை முன்பு சப்ளை செய்த அனுபவம் வேண்டும் என்றால், புதிதாகச் செய்பவர் எங்கே போவார்? ஸ்டார்ட்அப்களுக்கு முன் அனுபவ நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று விதி வந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு, புதியவரிடம் வாங்கித் தோற்றால் ஆடிட் கேள்வி வரும், பழைய வெளிநாட்டு கம்பெனியிடம் வாங்கித் தோற்றால் வராது. அந்தப் பயம் போகும்வரை விதி காகிதத்திலேயே இருக்கும்.

பணம் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது 2020-21-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென் கொரியா செலவிடுவது 5 சதவீதத்துக்கு அருகில். அங்கே அதில் பெரும்பங்கு கம்பெனிகளின் பணம், இங்கே பெரும்பங்கு அரசின் பணம். நம் பெரிய தொழில் வீடுகள் ஆராய்ச்சிக்கு இவ்வளவு குறைவாகச் செலவழிப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

உறுதியாகச் சொல்ல முடியாதது, இப்போது முளைத்திருக்கும் தனியார் விண்வெளி நிறுவனங்களின் எதிர்காலம். 2020-ல் இத்துறையைத் திறந்துவிட்டு, தனியாருக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பின் வழியாக இஸ்ரோவின் சோதனைக் கூடங்களைத் தனியாரும் பயன்படுத்தலாம் என்றார்கள். இது மிகச் சரியான முடிவு. ஹைதராபாத் ஸ்கைரூட் 2022 நவம்பரில் தன் சிறிய ராக்கெட்டை ஏவியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல், முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு 2024 மே மாதம் பறந்து காட்டியது. பெங்களூருவின் பிக்செல் நிறுவனத்துச் செயற்கைக்கோள்கள் பூமியைப் படம் பிடிக்கின்றன. இவை ஆரம்பச் சாதனைகள். முதலீட்டாளர்களின் பணம் தீரும் முன் நிரந்தர வாடிக்கையாளர் கிடைப்பாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில நிறுவனங்கள் நிற்கும், பல மூடப்படும் என்பது என் கணிப்பு. மூடப்பட்டாலும் அங்கே பயின்ற கைகள் இந்த ஊரிலேயே வேறு பட்டறைக்குப் போகும் என்றால் நஷ்டம் இல்லை.

ஏழை நாடு செலவு செய்யலாமா என்பதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி. மொத்த பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்கு சுமார் 27 காசு. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2019-ல் ஃபானி புயல் வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், இறப்பு நூறைத் தொடவில்லை. அதற்குப் புயல் காப்பகங்களும், ரேடார்களும், மாநில அதிகாரிகளின் உழைப்பும் காரணம். முழுப் பெருமையும் செயற்கைக்கோளுக்குச் சேராது. ஆனால் அந்தப் படங்கள் இல்லாமல் அந்த முன்னறிவிப்பு இல்லை.

இனி உங்கள் சொந்தக் கேள்வி. வரலாம், ஆனால் ஐ.டி.யில் பார்த்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டியதில்லை. 1993-ல் பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோற்றதற்குக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழையும் ஒரு காரணம். 2019-ல் சந்திரயான்-2 இறங்கும்போது விழுந்ததிலும் மென்பொருளின் பங்கு உண்டு. சந்திரயான்-3-க்காக எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துச் சோதித்தார்கள். அப்படி யோசிப்பதுதானே உங்கள் தினசரி வேலை? கலத்தின் கணினியை மேஜையில் வைத்து, அது உண்மையிலேயே பறந்துகொண்டிருப்பதாக நம்பவைத்துச் சோதிக்கும் வேலைக்கு இந்த ஊரின் விண்வெளி நிறுவனங்களில் ஆள் தேவைப்படுகிறது. மெக்கானிக்கல் படித்த, சோதனை தெரிந்த ஒருவருக்கு அது நல்ல வாசல். சி அல்லது சி பிளஸ் பிளஸ் கையில் இருக்கட்டும், நிகழ்நேர இயங்குதளம் ஒன்றைப் பழகுங்கள். பாகம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் ஜி.டி.டி.சி.யிலோ சி.எம்.டி.ஐ.யிலோ குறுகிய காலப் பயிற்சிகள் உண்டா என்று விசாரியுங்கள்.

சம்பளம் முதலில் குறையக்கூடும். வீட்டுக் கடனோ தங்கை கல்யாணமோ இருந்தால் அவசரப்பட வேண்டாம், பயிற்சியை இப்போதே தொடங்கிவிட்டு வேலையை மெதுவாக மாற்றலாம். நீங்கள் இதுவரை எந்த மாதிரி மென்பொருளைச் சோதித்திருக்கிறீர்கள், எத்தனை வருட அனுபவம் என்று எழுதுங்கள். எந்த வகை வேலைக்கு விண்ணப்பிக்கலாம், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைத் தனியாக எழுதுகிறேன்.